வான்கோழிக்குள் வைத்த ரொட்டி

ஹார்லன் ஃபால்ஸ், வெர்மான்ட்
4 நவம்பர் 1957

அன்புள்ள இல்டாவுக்கு,

நாங்கள் நலம். என் புருஷன் எர்லின் முதுகு மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? என் தம்பி வெண்டல் கடிதம் எழுதினால் படகு எஞ்சினைப் பற்றித்தான் எழுதுகிறான். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கிடையாது. அதனால் உனக்கே எழுதிவிட்டேன்.

மாதக் கடைசி வியாழன் நன்றி நாள் விருந்துக்கு நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். அம்மா உங்கள் கல்யாணத்துக்கு வராததை மனதில் வைத்துக்கொள்ளாதே. "கத்தோலிக்கக் கோயில் மெழுகுவத்தி வாசனை எனக்கு ஆகாது" என்று சொன்னாளே, பிரச்சினை மெழுகுவர்த்தி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவளை வழிக்குக் கொண்டுவர என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது.

வான்கோழிக்குள் வைக்கிற பூரணம் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. காய்ந்த ரொட்டித் துண்டு, எங்கள் மரத்து ஆப்பிள், உலர் திராட்சை, கிரான்பெர்ரி, வெங்காயம், செலரி, சேஜ் இலை, தாராளமாக வெண்ணெய். அம்மா வான்கோழியை விட்டாலும் பூரணத்தை விடமாட்டாள். இந்த வருஷம் கடை ரொட்டிக்குப் பதிலாக உன் அம்மா சுடுகிற இனிப்பு ரொட்டியைப் போடப்போகிறேன். வெண்டல் அதன் பெருமையைப் பேசிப் பேசி என் காது புளித்துவிட்டது. அம்மா இரண்டாம் முறை தட்டை நீட்டும்போது, "இது இல்டா வீட்டு ரொட்டிம்மா" என்று சொல்வேன். அப்புறம் அவளால் என்ன செய்ய முடியும், துப்பவா முடியும்?

ரொட்டியை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடு, காய வேண்டும். நீங்கள் வியாழன் காலை வந்தால் போதும். நான் புதன் சாயங்காலமே பூரணத்தைத் திணித்து, தைத்து, வான்கோழியைப் பின்வராந்தாவில் வைத்துவிடுவேன். அந்தப் பறவை எந்த ஃபிரிட்ஜிலும் அடங்காது. நவம்பரில் எங்கள் வராந்தாவே ஃபிரிட்ஜ்தான். குளிர் காணாத வருஷம் மட்டும் விடியற்காலையில் எழுந்து திணிக்க வேண்டும். அம்மா அதில் கண்டிப்பு.

வெண்டல் தலையில் நான் ஒரு குட்டு வைத்ததாகச் சொல்.

அன்புடன்,
லோயிஸ்

*

நியூ பெட்ஃபோர்டு
12 நவம்பர் 1957

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே நாங்கள் சுகம். அத்தையும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன குட்டை அவர் தலையில் வைத்துவிட்டேன். "எங்க அக்கா கை மாதிரியே வலிக்குது" என்கிறார்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்து எங்கள் பாஷையில் மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொட்டியைக் காயவைக்க வேண்டும் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாலும் முட்டையும் போட்டுப் பிசைஞ்சு, ராத்திரி முழுக்கப் பொங்க வெச்சு, பஞ்சு மாதிரி சுட்டுக் குடுக்கறேன். அதைக் காயவெச்சுக் கோழி வயித்துக்குள்ள திணிப்பாங்களாமா? ஏன், இந்த ஊர்க்காரங்க வீட்ல தட்டு இல்லையா?" என்று கேட்டாள். ஆனாலும் மறுநாளே முட்டைக்காரனிடம் பெரிய முட்டையாகப் பொறுக்கி வாங்கினாள். ஈஸ்டருக்குத் தேவாலயத்துக்குச் சுடுகிற அச்சிலேயே சுடப்போகிறாளாம். "உன் மாமியார் வீட்டுக்கு முதல் தடவையா என் கைப்பண்டம் போகுது, பேரு கெட்டுடக் கூடாது" என்கிறாள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. நீங்கள் இருக்கிறீர்கள் என்பதுதான் தைரியம்.

உங்கள் அன்புத் தங்கை,
இல்டா

*

நியூ பெட்ஃபோர்டு
4 டிசம்பர் 1957

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களா? உங்களுக்கும் அத்தானுக்கும் வயிறு சரியாகிவிட்டதா? இவர் நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறார். வேலைக்கும் போய்விட்டார்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். ஒரு மேஜையில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்ட அத்தனை பேரும் ராத்திரிக்குள் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் தொடவில்லை அக்கா. காரணம் இப்போது சொல்கிறேன். நான் மாசமாக இருக்கிறேன், எண்ணெய் வாசனையே குமட்டுகிறது. அன்று சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

அத்தையை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர்கள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "அந்த ரொட்டிதான். பாத்தியா, கொண்டு வந்தவ ஒரு வாய் வைக்கல." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

உங்கள் வீட்டில் விளைந்ததை எல்லாம் நீங்கள் போட்டீர்கள். புதிதாகச் சேர்ந்தது எங்கள் ரொட்டி ஒன்றுதான். மன்னித்துவிடுங்கள். அத்தையிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இல்டா

*

ஹார்லன் ஃபால்ஸ்
13 டிசம்பர் 1957

அன்புள்ள இல்டாவுக்கு,

முதலில் நல்ல சேதிக்கு வாழ்த்து. வெண்டல் அப்பா ஆகப்போகிறான்! நினைத்தாலே சிரிப்பாக இருக்கிறது.

அம்மா தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நான் துவைத்த படுக்கை விரிப்பில் கறை போகவில்லை என்று கண்டுபிடித்தாள். அப்படியென்றால் நன்றாகத் தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

அன்று நடந்ததைப் பற்றி நீ இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. டாக்டர் வந்து கேட்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன் மன்னிப்பை அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நாள் போகட்டும்.

இப்போதுதான் இங்கே பனி கொட்டுகிறது. நன்றி நாளுக்கு முந்தைய ராத்திரி என்னமோ வசந்தகாலம் மாதிரி... சரி, அதை விடு. உடம்பைப் பார்த்துக்கொள். பால் குடி.

லோயிஸ்

*

நியூ பெட்ஃபோர்டு
20 ஜனவரி 1958

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? எனக்குக் குமட்டல் நின்றுவிட்டது. ஆலையில் தைக்கிற சட்டைக் குவியலை விட என் வயிறு வேகமாக வளர்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

எங்களை மன்னித்து எழுதிய உங்கள் பெரிய மனசுக்கு நன்றி. ஆனால் காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன். "என்ன முட்டையைப் போட்டே? என்னத்தைப் போட்டே? ஒரு நாள் ஒழுங்கா செய்ய மாட்டியா? என் புருஷன் வீட்ல நான் தலை நிமிர முடியல" என்று. அப்பா இறந்த பிறகு அவளிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆமா. ஒரு முட்டை நாள்பட்டதாத்தான் இருந்துச்சு. வாசனை வந்துச்சு. வீணாக்க வேண்டாம்னு போட்டுட்டேன். என் தப்புதான்" என்றாள்.

ஆக, காரணம் தெரிந்துவிட்டது. அத்தையிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்துத் தவறு எங்கள் பக்கமே இருக்கட்டும். வேறு எதையும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

அன்புடன்,
இல்டா

*

ஹார்லன் ஃபால்ஸ்
9 மார்ச் 1958

அன்புள்ள இல்டாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். எர்லுக்கு முதுகு, எனக்கு மேப்பிள் மரத்துப் பாலைப் பாகாகக் காய்ச்சுகிற வேலை. சர்க்கரைக் கொட்டகையிலேயே குடியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி இத்துடன் அனுப்புகிறேன். மஞ்சள் நிறம். ஆணோ பெண்ணோ பொருந்தும். ஒரு கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. குழந்தைகள் புகார் சொல்லமாட்டார்கள்.

நீ சொல்லச் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள்.

உன் அம்மா எப்படி இருக்கிறாள்?

லோயிஸ்

*

நியூ பெட்ஃபோர்டு
8 ஏப்ரல் 1958

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. ரொம்ப அழகு. நீளக் கையை மடித்துவிட்டால் போயிற்று.

அம்மா எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஈஸ்டருக்கு எங்கள் தேவாலயத்தில் எல்லோருக்கும் அவள்தான் இனிப்பு ரொட்டி சுடுவாள். அப்பா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் பெண்கள் மாவும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். "கை வலி, முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பாதிரியாரே வந்து கேட்டார். அவரிடமும் கை வலிதான். அந்தக் கையால் அன்று முழுக்க வீட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினாள்.

"பிள்ளைங்க சாப்பிடற பண்டம். மறுபடி என் கையால ஏதாவது ஆச்சுன்னா?" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நானே அவளை இப்படி ஆக்கிவிட்டேனோ என்று இருக்கிறது. ஆனாலும் நாள்பட்ட முட்டையைப் போட்டது அவள்தானே?

உங்கள் ஊரில் பனி உருகிவிட்டதா?

இல்டா

*

நியூ பெட்ஃபோர்டு
21 ஜூலை 1958

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

நலமா? மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை.

பெண் குழந்தை பிறந்தது தந்தி மூலம் தெரிந்திருக்கும். ஓடெட் என்று பெயர். மூக்கு அப்படியே வெண்டல், பாவம். நேற்று ஞானஸ்நானம். நீங்கள் வருவீர்கள் என்று கடைசிவரை வாசலைப் பார்த்தேன். ஞானஸ்நான அழைப்புக்கு அத்தை இவருக்கு எழுதிய பதிலை இவர் ஒளித்து வைத்திருந்தார். எடுத்துப் படித்தேன். "அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். நன்றி நாளுக்கு நீ வா. அவள் வந்தால் வெறும் கையோடு வரட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த வருஷம் நாங்கள் வரவில்லை அக்கா. இவரும் வரமாட்டேன் என்கிறார். "என் பெண்டாட்டிய வெறுங்கையோட வரச் சொல்ற வீட்டுக்கு நான் ஏன் போகணும்?" என்கிறார். தாயையும் மகனையும் பிரித்த பழியும் எனக்குத்தான் வரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கும் எங்கள் மேல் கோபமா? இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இல்டா

*

ஹார்லன் ஃபால்ஸ்
14 செப்டம்பர் 1958

இல்டாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

உன் அம்மாவின் ரொட்டியில் எந்தக் குறையும் இல்லை. பார்சலைப் பிரித்ததும் ஒரு துண்டு பிய்த்துத் தின்றேன். எர்ல் தின்றான். சமையல்கட்டில் நின்றுகொண்டே பாதி ரொட்டியைத் தீர்த்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கிராமச் சங்கத்தில் சீட்டாட்டம் இருந்தது. அதற்குப் போக வேண்டும் என்று அவசர அவசரமாகப் பூரணத்தைச் சூட்டோடு திணித்து, தைத்து, வராந்தாவில் வைத்துவிட்டு எர்லோடு கிளம்பினேன். அன்று குளிர் இல்லை. திரும்பும்போது கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தோம். எர்ல் கேட்டான், "கோழி வெளியிலயா இருக்கு?" என்று. "விடியறதுக்குள்ள குளிரும், பேசாம வா" என்றேன்.

விடிந்தது, குளிரவில்லை. காலையில் வான்கோழியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. தையலுக்குப் பக்கத்தில் முகர்ந்தும் பார்த்தேன். லேசாகப் புளிப்பு. ஆப்பிள் வாசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடை ரொட்டியில் புதிதாகச் செய்ய நேரம் இருந்தது. கொட்டியிருந்தால் எதற்கு என்று அம்மா கேட்பாள். சீட்டாடப் போனதற்குத் திட்டுவாள். நாற்பது வயதுக்காரி நான், அம்மா திட்டுவாள் என்று பயந்து அடுப்பில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அம்மாவும் கட்டிலில் படுத்தபடி, "காலைலதானே திணிச்சே?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். எர்ல் என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ரொட்டி தயாராக இருந்தது பழியை வாங்கிக்கொள்ள.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் உடம்பு கூசுகிறது. முட்டை விஷயம் எழுதினாயே, அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். இல்லாத தப்பை ஒரு பெண் ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னேன். ஈஸ்டர் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஞானஸ்நானத்துக்கு வர ஆசைதான். உன் அம்மா முகத்தைப் பார்க்கத் துப்பில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

லோயிஸ்

*

நியூ பெட்ஃபோர்டு
2 அக்டோபர் 1958

லோயிஸுக்கு,

குழந்தை நலம். மற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் வெண்டல் படித்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், நன்றாக இருந்த வேலியைக் கழற்றி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். என்னை உங்கள் வீட்டார் பேசியதற்கு இல்லை. அதை நான் எதிர்பார்த்துத்தான் வந்தேன். என் அம்மாவிடம் நான் கத்தினேனே, அதற்கு. அந்த வார்த்தைகளை என் வாயிலிருந்து வரவைத்தது நீங்கள். அவற்றை நான் எங்கே போய்த் திரும்ப எடுப்பேன்?

அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் நம்பவில்லை. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீயா ஏதோ கட்டிச் சொல்றே. முட்டை நாள்பட்டதுதான். எனக்குத் தெரியாதா?" என்கிறாள். கடிதத்தைக் காட்டினால், "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு ஏமாத்தறியா" என்கிறாள். அடுப்புப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள்.

எனக்கு எழுதினால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப்போகிறவர்கள் உங்கள் மேஜையில் இருக்கிறார்கள். தன்னையே குற்றவாளி என்று நினைப்பவள் இங்கே இருக்கிறாள். இரண்டு இடத்திலும் நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பகலில் நான் ஆலையில் இருப்பேன். அம்மா குழந்தையோடு வீட்டில்தான் இருப்பாள். மெதுவாகப் பேசினால் இங்கிலீஷ் புரியும்.

இல்டா

*

ஹார்லன் ஃபால்ஸ்
30 நவம்பர் 1958

இல்டாவுக்கு,

ஓடெட்டுக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். நன்றி நாளில் சாப்பிடும் முன் ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்வது எங்கள் வழக்கம், உனக்குத் தெரியும். எர்லின் அண்ணன் நல்ல விளைச்சலுக்கு நன்றி சொன்னார். என் முறை வந்தது. போன வருஷம் இந்த மேஜையில் யாரும் சாகாமல் இருந்ததற்கு நன்றி, ஏனென்றால் யாராவது செத்திருந்தால் கொன்றது நான்தான் என்று ஆரம்பித்தேன். சீட்டாட்டம், வராந்தா, புளிப்பு வாசனை, டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. முட்டையையும் சொன்னேன். எர்ல் தலையைக் குனிந்தபடி, "நானும் தெரிஞ்சுதான் வாய மூடிட்டு இருந்தேன்" என்றான்.

அம்மா கைக்குட்டையை மடித்து வைத்தாள். "இருக்கலாம். ஆனாலும் அந்த ரொட்டி நம்ம வயித்துக்கு ஆகாது" என்றாள். பிறகு, "ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

நான் எழுந்தேன். "அதே ரொட்டியை நான் அடுப்பங்கரையில நின்னு தின்னேம்மா. எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். "நீ எதையும் தின்பே" என்றாள். எர்லின் அண்ணி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. உனக்கு நல்லதாக ஏதாவது எழுத வேண்டும் என்று ஆசை. இல்லாததை எழுதமாட்டேன். நான் மேஜையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். அம்மாவும் நானும் இன்னும் பேசவில்லை.

ஜனவரியில் எர்லுக்குக் கொஞ்சம் ஓய்வு. உன் அம்மாவைப் பார்க்க வருகிறேன்.

லோயிஸ்

*

ஹார்லன் ஃபால்ஸ்
18 ஜனவரி 1959

இல்டாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ ஆலையிலிருந்து திரும்புவதற்குள் நான் ஏன் கிளம்பிவிட்டேன் என்று கேட்பாய். இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று உன் அம்மா உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். வெண்டல் மூக்கு எனக்கும் இருக்கிறதே. குழந்தையை என் மடியில் போட்டாள். காபி கொடுத்தாள். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். வான்கோழி. வெளியே. சூடு. என் தப்பு. ரொட்டி நல்ல ரொட்டி.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கேட்டு முடித்துத் தன் நெஞ்சில் கையை வைத்து, "முட்டை. பழசு. நான்" என்றாள்.

"இல்லை, நான்" என்றேன். வராந்தா என்பதற்குக் கையால் படமெல்லாம் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். என் கன்னத்தைத் தட்டி, "முட்டை" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். குழந்தையும் அழுதது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை இல்டா. முழுக்கப் புரிந்தது. நீ படித்துக் காட்டியபோதும் புரிந்திருக்கும். பஸ் ஊர் வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டை நன்றாக இருந்தது என்று அவள் ஒரு தடவை ஒப்புக்கொண்டால், அன்று நீ அவளிடம் கத்தியது அநியாயம் என்று ஆகிவிடும். காலம் முழுக்க நீ அதைச் சுமப்பாய். அதனால்தான் அந்த முட்டையை அவள் விடமாட்டேன் என்கிறாள்.

அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்க உன் அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கு வருஷம் பூரா வந்தது.

லோயிஸ்